ஐயாயிரம் நோட்டீஸுக்கு இரண்டே போன்: எங்கே தவறியது?

கேள்வி இதுதான். மார்த்தாண்டம் பக்கம் ஒரு சிறிய அறக்கட்டளை, படுத்த படுக்கையாகிவிட்டவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கிறது. ஒரு நர்ஸ், ஒரு வண்டி, பத்துத் தன்னார்வலர்கள். 5,000 நோட்டீஸ் அடித்துக் கொடுத்தாயிற்று, ஜங்ஷனில் பிளெக்ஸ் வைத்தாயிற்று, பேஸ்புக்கில் தினம் ஒரு படம் போகிறது. ஒரு மாதத்தில் வந்தது இரண்டு போன். நன்கொடை அதைவிட மோசம். படைப்பாகவும் ஏதாவது செய்ய ஆசை. மார்க்கெட்டிங்குக்கு ஆள் வைக்கலாமா?

ஆள் வைக்க வேண்டாம். முதலில் அந்த நோட்டீஸையே எடுத்துப் பாருங்கள். மேலே அறக்கட்டளையின் பெயர், பதிவு எண், நிறுவனர் படம். நடுவில் சேவைகள் ஏழு. கீழே "நோயாளிகள் அணுகவும், நன்கொடையாளர்கள் வரவேற்கப்படுகிறார்கள், தன்னார்வலர்கள் தேவை" என்று மூன்று அழைப்பு, கடைசியில் வங்கிக் கணக்கு எண். இப்படித்தான் இருக்கும், பெரும்பாலான நோட்டீஸ்கள் இப்படித்தான் இருக்கின்றன. அம்மா கெடையாகக் கிடக்கும் வீட்டில் ஒரு மகள் இதை வாசித்தால் அவள் கண் போய் நிற்பது கணக்கு எண்ணில். "ஓ, பைசா வாங்குவாங்க போல" என்று மடித்து ஜன்னலில் சொருகிவிடுவாள். பணம் தரக்கூடிய ஓய்வுபெற்ற ஆசிரியரோ ஏழு சேவைகளைப் பார்த்து, இதில் எதற்குத்தான் நம் காசு போகும் என்று யோசிப்பார். மூன்று பேரிடம் பேச வேண்டியதை ஒரே தாளில் பேசியதுதான் முதல் கோளாறு. நோயாளி வீட்டுக்குப் போகும் தாளில் பணம் என்ற சொல்லே வரக்கூடாது, "இலவசம்" என்பதைத் தவிர.

அடுத்தது, தாளையே நம்பியிருப்பது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகுந்த மாவட்டம் குமரி, 91 சதவீதத்துக்கு மேல். வாசிக்கத் தெரியாதது இங்கே பிரச்சினையே இல்லை. திருவிழா, கோயில் கொடை, கட்சிக் கூட்டம், நினைவஞ்சலி, நகைக்கடைத் தள்ளுபடி என்று நாளுக்கு நாலு நோட்டீஸ் வீட்டு வாசலில் விழுகிற ஊரில் ஐந்தாவதை யாரும் வாசிப்பதில்லை, அவ்வளவுதான். ஆனால் தெரிந்தவர் வாயால் வரும் சேதியை எல்லாரும் கேட்கிறார்கள். அதனால் "எதை அச்சடிக்கலாம்" என்பதற்கு முன்னால் "யார் சொன்னால் நம்புவார்கள்" என்ற பட்டியலை எழுதுங்கள். ஞாயிறு ஆராதனை முடிவில் அறிவிப்பு வாசிக்கிறவர், கத்தோலிக்கப் பங்குகளில் முப்பது நாற்பது குடும்பத்துக்கு ஒன்று என்று இருக்கும் அன்பியம் என்ற குடும்பக் குழுவின் பொறுப்பாளர், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பின் ஜமாத்தில் பேசுகிறவர், கோயில் கமிட்டிச் செயலர், அய்யாவழியினரின் வழிபாட்டு இடமான நிழல்தாங்கலைப் பார்த்துக்கொள்கிறவர், மகளிர் குழுவின் ஊக்குநர், அங்கன்வாடி டீச்சர், ஆட்டோ ஸ்டாண்டில் மூத்தவர். ஒரு ஊராட்சிக்கு இருபது பேர் தேறுவார்கள். அந்த இருபது பேர்தான் உங்கள் ஊடகம்.

அவர்கள் கையில் நோட்டீஸைக் கொடுத்து "இதை வாசிச்சிருங்க" என்றால் காரியம் கெட்டது. வாசிப்பவருக்கென்று தனியாக, நாற்பது விநாடிக்கு, பேச்சுத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். வழக்கமாகக் கொடுப்பது இப்படி இருக்கும்: "ஆதரவற்ற நோயுற்ற முதியோருக்கு நோய்த்தணிப்புச் சிகிச்சை அளித்துவரும் எமது அறக்கட்டளையின் சேவையைப் பொதுமக்கள் பயன்படுத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்." இதைக் கேட்டு எழுந்து போகிறவர்களில் ஒருவருக்கும் தன் வீட்டைப் பற்றித்தான் சொன்னார்கள் என்று தெரியாது.

மாற்றி எழுதினால்:

"உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ ஒரு மாசத்துக்கு மேல எழும்ப முடியாம கெடையாக் கெடக்குறவங்க உண்டா? முதுகுல புண்ணு, மூத்திரக் குழாய், தீராத வலி, இதுக்கெல்லாம் நர்ஸ் வீட்டுக்கே வந்து பாப்பாங்க. பைசா கெடையாது. எந்த மதம்னு கேக்க மாட்டாங்க. வாசல்ல நீலச் சேலை கட்டிக்கிட்டு ஒரு அக்கா நிக்காங்க, அவங்ககிட்ட பேரும் வீடும் சொன்னா போதும், ரெண்டு நாளைக்குள்ள வருவாங்க."

இதில் "ஆதரவற்ற" என்ற சொல் போய்விட்டதைக் கவனியுங்கள். அந்த ஒரு சொல்தான் பாதிப் பேரைத் தடுக்கிறது. மகன் சவூதியில், மகள் திருவனந்தபுரத்தில், மாதாமாதம் பணம் வருகிறது, ஆனால் அப்பாவைப் புரட்டிப் போட ஆளில்லை என்ற வீடுகள் இந்த மாவட்டத்தில் ஏராளம். அவர்கள் தங்களை ஆதரவற்றவர் என்று ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள், ஒப்புக்கொண்டால் மகனுக்கு அவமானம். "பக்கத்து வீட்டுலயோ" என்று சேர்த்ததும் இதனால்தான். தன் வீட்டுக்காகக் கேட்கக் கூச்சப்படுகிறவரும் அடுத்த வீட்டுக்காகக் கேட்பார். பத்து இலக்க எண்ணை ஆலயத்தில் யாரும் எழுதிக்கொள்ளப் போவதில்லை, ஆகவே எண்ணுக்குப் பதில் வாசலில் ஓர் ஆள். எண் சொல்லியே தீர வேண்டுமென்றால் ஐந்து ஐந்தாகப் பிரித்து இரண்டு தடவை. "ரெண்டு நாளைக்குள்ள" என்று சொன்னால் அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். முடியாதென்றால் "ஒரு வாரத்துக்குள்ள" என்றே எழுதுங்கள், குறைவில்லை.

இந்தத் தாளை ஞாயிறு காலையில் மணி அடிக்கும்போது கொண்டுபோய் நீட்டாதீர்கள். அன்றைக்கு ஏற்கெனவே எட்டு அறிவிப்பு இருக்கும், உங்களுடையது சுருங்கி ஒரு வரியாகும். வியாழன் அல்லது வெள்ளிக்கே கொடுத்து, வாசிக்கிறவர் ஒரு தடவை வாய்விட்டு வாசிக்கும்போது பக்கத்தில் இருங்கள். அவர் தடுமாறும் சொல்லை அங்கேயே மாற்றிவிடலாம். ஊர்த் திருவிழா வாரத்தில் கொடுக்கவே வேண்டாம்.

அச்சடித்த தாளுக்கு இடமே இல்லையா என்றால், மெடிக்கல் ஷாப்பில் உண்டு. பெரியவர்களுக்கான டயப்பர், மூத்திரப் பை, புண் கட்டும் துணி வாங்குகிறவர் யாரோ அவர்தான் நீங்கள் தேடுகிற ஆள். உள்ளங்கை அளவுச் சீட்டு, அதில் நாலே வரி, பெரிய எழுத்து. கடைக்காரர் அந்தப் பொருளைப் பொதியும்போது கூடவே போட வேண்டும். கல்லாவில் அடுக்கி வைத்தால் காற்றில் பறக்கும், ஒரு பயனும் இல்லை. பத்துக் கடைக்கு ஆளுக்கு ஐம்பது சீட்டுப் போதும், தீர்ந்தால் நீங்களே போய் நிரப்புங்கள். அப்படி மாதம் ஒரு தடவை போய் நின்றால்தான் கடைக்காரருக்கு உங்கள் முகம் ஞாபகமிருக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு வீடு வீடாகப் போகிறவர்கள். எந்த வீட்டில் யார் கெடையில் என்பது அவர்களுக்கு விரல்நுனியில். அந்தத் திட்டத்திலேயே வீட்டுக்கு வந்து பார்க்கும் நோய்த்தணிப்பு (வலியையும் அவதியையும் குறைக்கும் பராமரிப்பு), பிசியோதெரபி சேவையும் உண்டு. அதனால் அவர்களோடு போட்டி போடுகிற மாதிரி நோட்டீஸில் எழுதாமல், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரை முதலில் பார்த்து, யார் எந்த நாளில் எந்த வீட்டுக்கு என்று பேசிக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கூட்டம் போட்டு ஆள் வராமல் போவது பெரும்பாலும் இதனால்தான். அருமனை, குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுகிறவர்கள் விடியும் முன்பே தோட்டத்தில் நிற்பார்கள், பாலெடுத்து, ஷீட் அடித்து வீடு திரும்ப மதியமாகிவிடும். காலை பத்து மணிக் கூட்டம் அவர்களுக்கு இல்லை, மூன்று மணி என்றால் வருவார்கள். அண்டியாபீஸுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, போகும் பெண்கள் மாலையில்தான் வீடு சேர்வார்கள், அவர்களுக்கு ஞாயிறு பிற்பகலை விட்டால் நாளில்லை. கடற்கரை வேறு கணக்கு. விசைப்படகுத் தடைக்காலம் இந்த ஒரு மாவட்டத்திலேயே இரண்டு: கிழக்குக் கடற்கரைப் பகுதிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் ஆட்கள் மற்ற நாட்களில் வாரக்கணக்கில் கடலில் இருப்பார்கள். ஆண் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி வைக்க ஜூன், ஜூலையைப் பிடியுங்கள். நோயாளியைத் தூக்கி உட்கார வைக்கத் தெம்புள்ள கைகள் அங்கேதான் இருக்கின்றன. மழை பெய்யும், ஆகவே ஓலைப்பந்தலுக்குப் பதில் பள்ளி மண்டபமாகப் பாருங்கள். உலக நோய்த்தணிப்பு நாள் அக்டோபரின் இரண்டாம் சனிக்கிழமை வருகிறது, வடகிழக்குப் பருவமழை எட்டிப்பார்க்கும் சமயம். பேரணி, மனிதச் சங்கிலி என்றெல்லாம் திட்டமிட்டு நனைவதைவிட, அதை நவம்பர் 1 கிராமசபைக்கு நகர்த்திவிடலாம். ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள் நடக்கின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நவம்பர் 1 குமரி தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாளும்கூட. அன்றைக்கு இரண்டு நிமிடம் பேச ஊராட்சி அலுவலகத்தில் முந்தின வாரமே கேட்டு வையுங்கள்.

படைப்பாக ஏதாவது செய்ய ஆசை என்கிறீர்கள். குறும்படம் எடுக்கக் கிளம்புவதற்கு முன் வில்லுப்பாட்டைப் பாருங்கள். இது இந்த மண்ணின் சொத்து. ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணன் காந்தியின் வாழ்க்கையையே வில்லில் வைத்து ஊரூராகக் கொண்டுபோனார். கொடை விழாவில் சாமி கதைக்கு நடுவே நுழைப்பது சரியில்லை, கமிட்டி ஒத்துக்கொள்ளாது, ஒத்துக்கொள்ளவும் கூடாது. கதை தொடங்குவதற்கு முன், கூட்டம் சேர்ந்துகொண்டிருக்கும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தைக் கேளுங்கள். பாட்டை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். மூன்று செய்தியைச் சொல்லிவிட்டு மெட்டும் சொல்லும் புலவரிடமே விடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடணும், சிவந்த தோலைத் தேய்க்கக் கூடாது, வலியைப் பொறுத்துக்கொள்வது புண்ணியமில்லை. இந்த மூன்றுக்கு மேல் திணித்தால் பாட்டு சுகாதாரத் துறை சுற்றறிக்கை ஆகிவிடும். வில்லுப்பாட்டில் இன்னொரு வசதி, "ஆமா" போடும் பக்கப்பாட்டுக்காரர். பாடுகிறவர் "யாருக்குப் போன் பண்ணணும்?" என்று கேட்க, அவர் எண்ணைச் சொல்ல, கூட்டத்துப் பிள்ளைகள் சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிடும். மைக் செட் இரவு பத்து மணிக்கு மேல் கூடாது என்ற விதி உங்கள் நிகழ்ச்சிக்கும் சேர்த்துத்தான்.

மதத்தைப் பற்றிப் பேசாமல் தாண்ட முடியாது. இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறத்தாழச் சரிபாதியாக வாழும் மாவட்டம், முஸ்லிம்களும் இருக்கிறார்கள். அறக்கட்டளைக்குப் புனிதர் பெயர் இருந்தால் ஒரு பாதி வீட்டில் "மாத்த வந்திருக்காங்களோ" என்ற சந்தேகம் வரும், சாமி பெயர் இருந்தால் மறுபாதியில் "இவங்க எந்த ஆளுங்க" என்ற கேள்வி வரும். பெயரை மாற்ற வேண்டியதில்லை. "வீட்டில் ஜெபமோ பூஜையோ நடத்துவதில்லை" என்ற ஒரு வரியை எழுதுங்கள், ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டும். வீட்டார் கேட்டால்கூட நர்ஸ் ஒதுங்கி நின்றுகொள்ள வேண்டும், தானே நடத்தக் கூடாது. ஒரு வீட்டில் மீறினால் அந்தச் சேதி அன்று மாலையே அடுத்த ஊருக்குப் போய்விடும். தன்னார்வலர்களை இரண்டிரண்டு பேராக அனுப்பும்போது கலந்து அனுப்பினால், அந்த வரியை யாரும் வாசிக்காமலே புரிந்துகொள்வார்கள்.

இனிப் பணம். "தாராளமாக நன்கொடை வழங்குங்கள்" என்றால் யாரும் வழங்குவதில்லை. எவ்வளவு, எதற்கு என்று தெரிய வேண்டும். போன வருடக் கணக்கை எடுத்து மொத்தச் செலவை வீட்டுக்குப் போன தடவைகளால் வகுங்கள். பேச்சுக்கு, ஆறு லட்சம் செலவாகி 1,200 தடவை போயிருந்தால் ஒரு தடவைக்கு 500 ரூபாய். "ஒரு நோயாளியை ஒரு தடவை பார்த்துவர 500 ரூபாய் ஆகிறது, மாதம் இரண்டு தடவை போகிறோம்" என்று சொன்னால் மாதம் ஆயிரம் தர ஒருவர் முன்வருவார். நர்ஸ் சம்பளத்தையும் பெட்ரோலையும் மறைத்து "முழுத் தொகையும் நோயாளிக்கே" என்று எழுதாதீர்கள். நர்ஸ்தான் சேவையே, அவர் சம்பளத்தில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

கியூஆர் அட்டை அறக்கட்டளையின் கணக்குக்கே இருக்கட்டும். ஸ்கேன் பண்ணினால் செயலாளரின் சொந்தப் பெயர் வருகிறதென்றால் பாதிப் பேர் அங்கேயே நிறுத்திவிடுவார்கள், மீதிப் பேர் கட்டிவிட்டுப் பிறகு பேசுவார்கள். நன்கொடைக்கு வருமானவரியில் கிடைக்கும் 80ஜி சலுகையைத் தலைப்பாகப் போடுவதில் இப்போது பழைய பலன் இல்லை, புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு அந்தக் கழிவு கிடையாது. பழைய முறையில் இருப்பவர்களும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் கழிவு கேட்க முடியாது, இதைப் பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். 2025-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டம் பிரிவு எண்களை மாற்றிவிட்டது, ரசீதுப் புத்தகம் அடிக்கும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கடைகளில் உண்டியல் வைப்பதென்றால் எண் போட்டு, சீல் வைத்து, கடைக்காரர் முன்னால் இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்திட்டு எடுங்கள். பெயரில்லாமல் வரும் நன்கொடை ஒரு லட்சம் அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால் மிஞ்சியதற்கு 30 சதவீத வரி விழும்.

வளைகுடாப் பணத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். இந்தியக் குடிமகனாகவே இருந்துகொண்டு துபாயில் வேலை பார்ப்பவர், தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது, உங்கள் சாதாரணக் கணக்கிலேயே வாங்கலாம். அவர் பாஸ்போர்ட் நகல் ஒன்று கோப்பில் இருக்கட்டும். அதே ஊர்க்காரர் லண்டனிலோ அமெரிக்காவிலோ அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்துவிட்டால், வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை கையில் இருந்தாலும் கதை வேறு. வெளிநாட்டுப் பங்களிப்பை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் பத்து ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் புதுடெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வர வேண்டும். ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் கியூஆரைப் போட்டுவிட்டு "உலகெங்கும் வாழும் நம் சொந்தங்களே" என்று எழுதுவது இதனால் ஆபத்து.

இறந்துபோன நோயாளியின் குடும்பம் பின்னாளில் நன்கொடை தருவது இந்தச் சேவையில் இயல்பு. நினைவு நாளில் ஊர் முழுக்கப் போஸ்டர் ஒட்டும் பழக்கமுள்ள மாவட்டம், அந்தச் செலவில் ஒரு பங்கை இதற்குத் தர முன்வருகிறவர்கள் உண்டு. ஆனால் நீங்களாகக் கேட்கக் கூடாது. முதலில் துக்கம் விசாரிக்கப் போங்கள், கடனாகக் கொடுத்த தண்ணீர்ப் படுக்கையைத் திரும்பக் கேட்பதைக்கூட அடியந்திரம் என்ற இறப்புச் சடங்கு முடியும்வரை தள்ளிப்போடுங்கள். முப்பது நாளுக்குள் நன்கொடைக் கடிதம் போனால் இத்தனை மாதம் செய்ததும் கணக்குப் பார்த்துச் செய்ததாகிவிடும்.

பேஸ்புக்கைப் பற்றிச் சுருக்கமாக. தினமும் போட வேண்டாம், வாரம் ஒன்று போதும். புண்ணோடு கிடக்கும் கிழவரைச் சுற்றி ஐந்து பேர் பழக்கூடையோடு நிற்கும் படத்தை இன்றே எடுத்துவிடுங்கள். அதைப் பார்க்கும் இன்னொரு வீட்டார் "நம்ம அப்பாவையும் இப்படிப் போட்டிருவாங்க" என்றுதான் நினைப்பார்கள், உங்களைக் கூப்பிட மாட்டார்கள். போன் குறைந்ததற்கு அதுவே பெரிய காரணமாக இருக்கலாம். படத்துக்கு நோயாளியின் முகம் தேவையில்லை. மலைச்சரிவில் நாற்பது படிக்கட்டு ஏறிப்போகும் நர்ஸின் முதுகும் தோள்பையும் போதும், பார்ப்பவருக்கு எல்லாம் விளங்கும். முகம் வேண்டுமென்றால் நோயாளியே தமிழில் எழுதிய சம்மதம் வேண்டும், மகன் சம்மதித்தது போதாது. சட்டம் "பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை" என்று சொல்லும் பிள்ளை என்றால் பெயர், படம், பள்ளி எதுவும் கூடாது, இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவில் தண்டனையே உண்டு. தன்னார்வலர் குரூப்பில் "இன்று பார்த்த வீடுகள்" என்று பெயரும் நோயும் போடும் வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

வாட்ஸ்அப்பில் நன்கொடையாளர்களுக்குக் குரூப் தொடங்குவதைவிட பிராட்காஸ்ட் நல்லது. குரூப்பில் மூன்றாம் நாளே குட்மார்னிங் பூக்கள் வந்துவிடும். பிராட்காஸ்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே போய்ச் சேரும். ஆகவே ரசீது அனுப்பும்போதே "இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டுவிடுங்கள். பணம் வந்த மறுநாளுக்குள் நர்ஸ் குரலில் இருபது விநாடி வாய்ஸ்: "சார், நீங்க அனுப்புனது வந்துது. இன்னைக்கு மேல்புறம் பக்கம் நாலு வீடு போனோம். நன்றி சார்." எழுதி வாசித்த மாதிரி இருக்க வேண்டாம், பின்னால் பஸ் ஹாரன் கேட்டாலும் பரவாயில்லை.

பிளெக்ஸுக்கு அனுமதி வாங்க வேண்டும், வாங்கினாலும் ஒரு போன்கூடக் கூடுதலாக வராது. விட்டுவிடுங்கள்.

இதெல்லாம் நடந்து போன் வரத் தொடங்கினால் வரும் சிக்கலையும் இப்போதே எண்ணிக்கொள்ளுங்கள். நர்ஸ் ஒருவர். நாளுக்கு ஆறு வீடு, வாரம் ஐந்து நாள் என்றால் முப்பது. ஒவ்வொருவரையும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பதானால் அறுபது பேர்தான் உச்சம். நாலு ஊராட்சியில் ஒரே ஞாயிறு அறிவிப்புக் கொடுத்து எண்பது பேர் கூப்பிட்டால், காத்திருந்து ஏமாந்த இருபது வீடும் உங்களுக்கு எதிரான விளம்பரம். ஒரு ஊராட்சியில் தொடங்குங்கள், அது நின்றபின் அடுத்தது. போன் யார் கையில் இருக்கும் என்பதையும் முடிவு செய்யுங்கள். செயலாளர் பள்ளியில் பாடம் நடத்தும் நேரத்தில் அவர் பையில் அடித்துக்கொண்டிருக்கும் போனால் பயனில்லை. பகலில் வீட்டில் இருக்கும் ஒருவர், தவறிய அழைப்பை அன்றே திரும்பக் கூப்பிடுகிறவர் வேண்டும். அவர் கேட்க வேண்டியவை: பெயர், வீட்டுக்கு வழி, நோயாளி எத்தனை நாளாகக் கிடக்கிறார், புண் உண்டா, எங்களைப் பற்றி எங்கே கேட்டீர்கள். மூன்று மாதம் அந்தக் கடைசிப் பதிலை எண்ணினால் அடுத்த மூன்று மாதம் எங்கே உழைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். மிச்சமிருக்கும் நோட்டீஸ்களின் பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கும்? நாலாக வெட்டி அந்தப் போன் பக்கத்தில் வையுங்கள், இதை எழுதிக்கொள்ள ஆகும்.